நான் சொல்லாமல் விட்ட வாக்கியம்

1927 ஆகஸ்ட் 7, ஞாயிறு

குளித்துச் சட்டை மாற்றியும் அந்த நாற்றம் போகவில்லை. நேற்று சர்க்கரை ஆலை முதலாளி எட்மோன் துரையும் அவர் நண்பர்களும் மோட்டார்ப் படகில் போய், மூக்கு நீண்ட பெரிய மீன்கள் நான்கைத் தூண்டிலில் பிடித்து வந்தார்கள். மரத்தில் தொங்கவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். ஒரு துண்டுகூட வெட்டவில்லை. இன்று என் நிலத்துக்கு அடுத்த கரும்புக்கொல்லையில் அவற்றை எருவாகப் புதைக்கிறார்கள்.

என் மனைவி அலமேலுவின் தம்பி மருதை வேலியோரம் நின்று பார்த்தான். வலை போட்டுப் பிழைப்பவன். "ஒரு மீனு போதும் மாமா, நம்ம தெருவே ரெண்டு நாள் தின்னும்" என்றான். அவன் வலையில் இன்று விழுந்தது ஏழு சின்ன மடவை மீன்.

மீன் ஏன் குறைகிறது என்று விசாரிக்கச் சர்க்கார் கமிட்டி போட்டிருக்கிறார்கள். எட்மோன் துரை அதில் ஒரு மெம்பர். தூ.

ஆகஸ்ட் 16

ஆலை மானேஜர் கூப்பிட்டனுப்பினார். கமிட்டித் தலைவர் இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்தவர். தமிழும் தெரியாது, இந்தத் தீவில் எல்லோரும் பேசும் க்ரியோலும் தெரியாது. மீன்பிடிக்கிறவர்கள் சொல்வதை நான் இங்கிலீஷில் சொல்ல வேண்டுமாம். "பார்த்துச் சொல்லுங்கள். உங்கள் கரும்பு எங்களிடம்தானே வருகிறது" என்றார், சிரித்துக்கொண்டே.

ஒப்புக்கொண்டேன்.

ஆகஸ்ட் 24

இதை எழுதியே ஆக வேண்டும்.

இன்று கமிட்டி முன் மருதை தமிழில்தான் பேசினான். "நாங்க எங்க அப்பன் காலத்திலேருந்து இதே வலையைத்தான் போடறோம். அப்ப இருந்த மீனு இப்ப ஏன் இல்ல? ஆலைக் கழிவை ஆத்துல தொறந்துவிடற அன்னிக்கு வந்து பாருங்க. முகத்துவாரம் பூரா குஞ்சு மீனு வெள்ளையா செத்து மிதக்கும்."

எட்மோன் துரை சுருட்டைத் தட்டிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. 'ஆலை' என்ற சொல் மட்டும் தெரிந்திருக்கலாம்.

நான் தலைவரிடம் இங்கிலீஷில் சொன்னேன்: "சில நாட்களில் ஆற்று முகத்தில் மீன் குறைவாக இருக்கிறது என்கிறார்."

தலைவர் அதை எழுதிக்கொண்டார். இங்கிலீஷ் தெரியாத மருதை நன்றியோடு என்னைப் பார்த்தான்.

ஆகஸ்ட் 25

மருதை வருவதற்கு முன்பே கொல்லைக்குக் கிளம்பிப் போய்விட்டேன்.

செப்டம்பர் 9

கமிட்டியின் முடிவு வந்துவிட்டது. முகத்துவாரத்தில் வலை கூடாது. காரணம்: வலைக்காரர்களின் பேராசை. துரைமார்கள் தூண்டில் போடும் க்ளப்புக்கு மட்டும் தடை இல்லை, அது விளையாட்டாம். ஆட்சேபம் இருந்தால் அக்டோபர் 11ஆம் தேதி வந்து சொல்லலாம்.

மருதை எங்கள் வீட்டில் உட்கார்ந்து கஞ்சி குடித்தான். "அவ்வளவும் சொன்னேனே மாமா. கேட்டுமா இப்படிப் பண்றானுங்க?"

அலமேலு என்னைப் பார்த்தாள். நான் ஊறுகாயை எடுத்துவைத்தேன். என்ன மனுஷன் நான்?

செப்டம்பர் 12

மருதையிடம் சொல்லிவிட்டேன், எல்லாவற்றையும். அவன் அடித்திருந்தால் நன்றாயிருக்கும். "கரும்புக்காகவா?" என்று மட்டும் கேட்டான். பதிலுக்குக்கூட நிற்கவில்லை.

அலமேலு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

செப்டம்பர் 13

தலைவருக்குக் கடிதம் எழுதினேன்: என் மொழிபெயர்ப்பில் பிழை உண்டு, நேரில் திருத்த அனுமதி வேண்டும். எந்த வாக்கியம், எதைப் பற்றி — எழுதவில்லை. மூன்று முறை எழுதப் போனேன், மூன்று முறையும் ஆலையின் பெயரருகே பேனா நின்றுவிட்டது. கோழை.

செப்டம்பர் 27

பதில் வந்தது. மொழிபெயர்ப்பாளரே பிழை என்று ஒப்புக்கொள்வதால், மீன்பிடிக்கிறவர்களின் வாக்குமூலம் முழுவதும் பதிவிலிருந்து நீக்கப்படுகிறது.

முழுவதும்! பாதி உண்மையாவது அங்கே கிடந்தது. அதையும் என் கையாலேயே துடைத்துவிட்டேன்.

இன்று ஆலையில் என் கரும்பு வண்டிகளை வரிசையில் முன்னால் விட்டார்கள். மானேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நல்ல காரியம் செய்தீர்கள்." வீட்டுக்கு வந்து கையைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். அலமேலு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 11

ஆட்சேபம் சொல்லும் நாள். என்னை யாரும் அழைக்கவில்லை. பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். கூடம் நிறைய ஜனம்.

மருதையும் அவன் படகுக் கூட்டாளி க்ளெமானும் சேர்ந்து எழுந்தார்கள். மருதை இந்தத் தடவை க்ரியோலில் பேசினான். ஆலைக் கழிவு, வெள்ளையாக மிதக்கும் குஞ்சு மீன்கள், கரும்புக்கொல்லையில் புதைத்த பெரிய மீன்கள் — ஒன்றையும் விடவில்லை. கூடத்தில் அது புரியாதவர் தலைவர் ஒருவர்தான்.

அவர் பக்கத்தில் திரும்பி, "என்ன சொல்கிறார்?" என்று எட்மோன் துரையைக் கேட்டார்.

துரை தொண்டையைச் செருமினார். "சில நாட்களில் ஆற்று முகத்தில் மீன் குறைவாம்" என்றார்.

அப்படியே என் வாக்கியம்.

இங்கிலீஷ் தெரிந்த ஒருவர் க்ளெமான் காதில் அதைச் சொன்னார். க்ளெமான் சிரித்தான். சிரிப்பு வரிசை வரிசையாகப் பின்னால் வந்தது. தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். இவ்வளவு நேரம் பேசியது இவ்வளவுதானா, வேறு யாராவது இங்கிலீஷில் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் ஃப்ரான்சிஸ் எழுந்து முன்னால் போனார்.

அவர் சொல்லச் சொல்ல நான் மனத்துக்குள் சரிபார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு சொல்கூடக் குறையவில்லை. தலைவர் எழுதிக்கொண்டே இருந்தார்.