தேவராஜின் பாகம்

செப்டம்பர், வியாழன்

விடியலிலிருந்து தூறல். கள்ளக்குறிச்சிக்கு பஸ் இல்லை. இட ஒதுக்கீடு கேட்டு எங்கள் ஜாதிக்காரர்கள் சாலை மறியல். புளியமரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருக்கிறார்கள்.

தேவராஜ் காலனியிலிருந்து வயல் வழியாக நடந்தே வந்தான். எங்கள் மாட்டுக்கொட்டகையில் கிட்டார் பயிற்சி. கல்யாணங்களில் சினிமாப் பாட்டு, ஞாயிறு அவனுடைய சர்ச், மற்றபடி எங்கள் ஆசைக்கு ஐரோப்பிய சாஸ்திரிய இசை. இத்தனை வருடம் இப்படித்தான். அடுத்த மாதம் சென்னைக் கச்சேரியில் முதல்முறையாக நாங்களே எழுதியது. கரியாலூர் மலையில் களையெடுக்கும் பெண்கள் பாடுகிற மெட்டிலிருந்து எடுத்தது. அவன் கிட்டார் ஒரு வரி, என் கிட்டார் ஒரு வரி.

நடுவில் ஓர் இடத்தில் முந்திவிடுகிறேன். "அவசரப்படாதடா குமாரு. நான் முடிக்கறேன், அப்பறம் வா."

மூன்றாம் தந்தி மாற்ற வேண்டும். கட்டைவிரல் நகம் உடைந்திருக்கிறது.

வெள்ளி

தூறல் நின்றது. அண்ணன் சேகர் கோடாலியோடு கிளம்பினான்.

"நீ இன்னாடா, டொய்ங் டொய்ங்னு தட்டிக்கினு கீற? அங்க நம்ம ஜனத்த போலீசு சுட்டுக்கினு இருக்கான்."

இட ஒதுக்கீடு கேட்பது நியாயம்தான். படித்துவிட்டுக் கரும்பு வெட்டுகிறவர்கள் எங்கள் தெரு முழுக்க. அதைச் சொன்னேன். "அப்ப வாயேன்" என்றான். போகவில்லை. அவன் சைக்கிளை எடுத்தான். இந்தக் கிட்டார் அவன் வாங்கித் தந்தது. அவனுக்கு இசையில் ஒரு ஈடுபாடும் கிடையாது, தம்பி கேட்டான் என்பதற்காக.

டீக்கடையில்: "காலனிக்காரனுங்க மரத்த நகத்திட்டானுங்களாம். அவ்ளோ ஆயிடுச்சா?"

சனி

காலனி எரிந்துவிட்டது. விடிந்ததும் ஓடினேன். கூரை ஒன்றுகூட இல்லை. சாம்பலில் கோழி கிளறிக்கொண்டிருந்தது.

தேவராஜ் அவன் அம்மாவை இழுத்து வெளியே போட்டிருக்கிறான். எரிகிற மூங்கில் விழுந்து இடது கை வெந்துவிட்டது. ராத்திரியே மாட்டுவண்டியில் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். வழியெல்லாம் மரம். ஒவ்வொன்றிலும் அவனை இறக்கி, வண்டியைத் தூக்கிக் கடத்தி, மறுபடி ஏற்றி.

நான் போனபோது வராந்தாவில் படுத்திருந்தான். கை முழங்கை வரை கட்டு. அவன் மனைவி மேரி என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

"எங்க வூட்டு மேல பந்தத்தப் போட்டது உங்க அண்ணன்தான். நான் பாத்தேன்."

"மேரி, வுடு" என்றான் தேவராஜ். கண்ணைத் திறக்கவில்லை.

அவன் கிட்டாரைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஞாயிறு

அண்ணி கிணற்றடியில் அண்ணன் சட்டையை அடித்து அடித்துத் துவைக்கிறாள். மண்ணெண்ணெய் வாடை போகவில்லை.

அண்ணனிடம் கேட்டேன். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே: "கூட்டத்தோட போனேன். கையில குடுத்தானுங்க. எல்லாரும் போட்டாங்க, நானும் போட்டேன்."

"அது தேவராஜ் வூடு."

"தெரியும்."

நான் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தேன். அவன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டான். பிறகு தோட்டத்துப் பக்கம் போய் வாந்தி எடுத்தான். கேட்டது.

செவ்வாய்

வெயில். போலீஸ் ஜீப். தெருவே கூடிவிட்டது. எல்லோரும் ஒரே பேச்சு: "வெளியூர் ஆளுங்க சார். மொகம் தெரியல."

இன்ஸ்பெக்டர் என்னையும் கேட்டார். அம்மா பக்கத்தில். என் முழங்கையைப் பிடித்திருந்தாள்.

சொன்னேன். அண்ணன் பெயரை. அவன் என்னிடம் சொன்னதை.

பிடித்திருந்த கை விட்டுவிட்டது.

ஜீப்பில் ஏறும்போது அண்ணன் என்னைத் திட்டவில்லை. செருப்பைத் தேடினான். அண்ணி எடுத்துக் கொடுத்தாள்.

அம்மா: "உனுக்கு அவன் இன்னாடா கொற வெச்சான்? போ. இந்த வூட்டுல நிக்காத."

இரண்டு வேட்டி, சட்டைகள், கிட்டார். வழியில் சாணி வீசினார்கள். கிட்டார் உறையில் பட்டது.

அக்டோபர், புதன்

கரியாலூர். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஒரு அறை எடுத்திருக்கிறேன். குளிர். தந்தி நிமிடத்துக்கு நிமிடம் சுதி இறங்குகிறது.

நேற்று மணலூர்பேட்டை போனேன். தேவராஜ் அங்கே அக்கா வீட்டில். கட்டு அவிழ்த்துவிட்டார்கள். விரல்கள் ஒட்டிப்போய், மடங்கவில்லை. இனி மடங்காது என்று டாக்டர்.

"வாங்க, உக்காருங்க" என்றான். என்னை இதுவரை அப்படிக் கூப்பிட்டதில்லை.

மேரி டீ கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. கொடுத்தாள்.

"நான் சொல்லிட்டேன் தேவா. இன்ஸ்பெக்டர்கிட்ட."

"கேள்விப்பட்டேன். அதுக்கு நான் இன்னா சொல்லணும்?"

"ஒண்ணும் வேணாம்."

ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். சென்னைக் கச்சேரிக்குப் போக மாட்டேன் என்றேன். திரும்பினான்.

"போ. ஆனா எம் பாகத்தையும் சேத்து நீயே வாசிச்சிடாத. அத காலியா வுடு."

அக்டோபர், ஞாயிறு

சென்னை. கசகசப்பு. சின்ன அரங்கு, பாதி நிறைந்திருந்தது. கச்சேரி நடத்துகிறவர், "ரெண்டையும் சேர்த்து ஒரே கிட்டாருக்கு மாத்திடலாமே, உங்களால முடியும்" என்றார். முடியும். மாட்டேன் என்றேன்.

என் வரி. பிறகு அவன் வரியின் நீளத்துக்குச் சும்மா இருந்தேன். பிறகு என் வரி. யாரோ இருமினார்கள். முன்வரிசையில் ஒரு பெண் பக்கத்தில் இருந்தவரிடம், "மறந்துட்டார் போல, பாவம்." இரண்டு பேர் எழுந்து போனார்கள். முந்துகிற இடத்தில் முந்தவில்லை.

கைதட்டல் கொஞ்சம்.

திங்கள்

உளுந்தூர்பேட்டையில் பஸ் மாறி நேராக மணலூர்பேட்டை. அண்ணன் ஜாமீனில் வந்துவிட்டானாம், பஸ்ஸில் ஊர்க்காரர் ஒருவர் யாரிடமோ சொன்னார். என்னிடம் இல்லை.

தேவராஜ் வாசலில் இருந்தான்.

"காலியா வுட்டியா?"

"வுட்டேன்."

"ஜனம் இன்னா சொல்லிச்சு?"

"நான் மறந்துட்டேன்னு நெனச்சாங்க."

சிரித்தான். நன்றாக, வாய்விட்டு. சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. மேரி ஓடிவந்தாள். என்னைப் பார்த்து, "இன்னிக்கி போயிடுங்க" என்றாள்.

மலைக்குக் கடைசி பஸ் போய்விட்டது. ஸ்டாண்டில் உட்கார்ந்திருக்கிறேன்.