அனுமதியின்றி ஓட்டியவர் எழுதுவது

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதுவது. எல்லோரும் நலம் என்று எழுதிப் பழகிய கை இந்தத் தடவை அந்த வரியில் நின்றுவிட்டது. குழந்தை நலம். அதை மட்டும் மனதார எழுதலாம். மூச்சுத் திணறல் மறுநாளே அடங்கிவிட்டது. இப்போது என் கடைக்கு வந்தால் கண்ணாடிக் கூடுகளைத் திறந்து திறந்து மூடுவதுதான் அவளுக்கு வேலை. உங்கள் மாமியாருக்கு முழங்கால் வலி, வழக்கம்போல.

நீங்கள் என் அழைப்பை எடுப்பதில்லை. வேலை அதிகம் போலிருக்கிறது. அதனால்தான் கடிதம். பக்கத்து ஜெராக்ஸ் கடையில் ஸ்கேன் செய்து உங்கள் போனுக்கே அனுப்பிவிடுகிறேன்.

நேற்று இன்சூரன்ஸ் கம்பெனியின் விசாரணை அதிகாரி கடைக்கு வந்தார். கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்து, நீங்கள் அனுப்பிய படிவத்தின் நகலை எடுத்து வைத்தார். விபத்தின்போது வாகனத்தை ஓட்டியவர் உங்கள் அனுமதியுடன் ஓட்டினாரா என்று ஒரு கேள்வி. எதிரே இரண்டு கட்டங்கள். ‘இல்லை’ என்ற கட்டத்தில் டிக். கீழே உங்கள் கையெழுத்து. முப்பது வருடமாக அடுத்தவர்களுக்குக் கண்ணாடி மாட்டிவிடுகிறவன், என் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துப் போட்டுப் பார்த்தேன். டிக் இடம் மாறவில்லை.

வேலைக்காக வெளியூர் கிளம்பிய அன்று கார் சாவியை என் கையில் கொடுத்து நீங்கள் சொன்னது நினைவிருக்கிறதா? “மாமா, சும்மா நிறுத்தி வைக்காதீங்க. வாரம் ஒரு தடவை எடுங்க, இல்லன்னா பாட்டரி போயிடும்.” ஆறு மாதமாக ஞாயிறு தவறாமல் எடுத்தேன். உங்கள் பாட்டரியைக் காப்பாற்ற அனுமதி இருந்தது. உங்கள் மகளின் உதடு நீலமாகி, அவளை மடியில் போட்டுக்கொண்டு உங்கள் மனைவி பின் சீட்டில் ஏறி “அப்பா, சீக்கிரம் எடுங்க” என்று கத்திய அன்று மட்டும் அனுமதி இல்லாமல் போய்விட்டது.

தப்பு என்னுடையதுதான், மறைக்கவில்லை. மருந்துக்கடைத் திருப்பத்தில் வேகமாகத் திருப்பினேன். பிரேக்கை மிதிப்பதற்குள் அந்தத் தையற்காரரின் சைக்கிள் முன்னால் வந்துவிட்டது. அவருக்கு வலது கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது. மிதிக்கிற மெஷினில் பிழைக்கிறவர். தினமும் வார்டுக்குப் போய்ப் பார்க்கிறேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை, “குழந்தை எப்படி இருக்கு?” என்றுதான் கேட்கிறார். தெருவில்தான் கேலி, கண்ணாடிக் கடைக்காரருக்கே கண் தெரியவில்லையாம்.

அதிகாரி என் லைசென்ஸைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “உங்க பேர்ல ஒரு குறையும் இல்ல சார். ஓனர் சம்மதிச்சு வண்டியக் கொடுத்திருந்தா, நீங்க ஓட்டினாலும் அந்த ஆளோட வைத்தியச் செலவக் கம்பெனி பார்த்துக்கும். அவரே இல்லைன்னு எழுதிட்டா நாங்க என்ன செய்ய?” சாவியை அன்று ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தது என் மகள், அவருடைய மனைவி என்றேன். மனைவி கொடுத்தது வேறு, ஓனர் கொடுத்தது வேறு என்றார். கட்டிக்கொடுத்தபோது இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நீங்கள் ஏன் அப்படிப் போட்டீர்கள் என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஏழு வருடமாக க்ளெய்ம் வாங்காத சலுகை போய்விடும், கேஸ் உங்கள் தலையில் விழும் என்று உங்கள் ஏஜென்ட் நண்பர் பயமுறுத்தியிருப்பார். மாமனார்தானே, தாங்கிக்கொள்வார் என்று நினைத்திருப்பீர்கள். தாங்கிக்கொள்வேன். கடையை விற்றாவது தையற்காரரை எழுந்து நடக்க வைப்பேன். வண்டியைக் கேட்காமல் எடுத்ததாக போலீஸ் கூப்பிட்டால் போய் நிற்பேன். வயிறு எரிகிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை.

அதிகாரி போகிற போக்கில் ஒன்று சொன்னார். பாலிசியில் ஓட்டுநர் என்று உங்கள் பெயரோடு உங்கள் மனைவி பெயரும் இருக்கிறதாம். அவள் ஓட்டியிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காதாம். உள்ளே குழந்தையோடு இருந்தவள் காதில் அது விழுந்துவிட்டது. வருகிற வியாழக்கிழமை அவர்கள் ஆபீசுக்குப் போய், நான்தான் ஓட்டினேன் என்று எழுதிக் கொடுக்கப் போகிறாளாம்.

நடக்கிற காரியமா இது? அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பின் கதவு வழியாக இறங்கியதை, ரோட்டில் விழுந்து கிடந்த தையற்காரரே பார்த்தார். நாளைக்கு அவரைக் கேட்டால் உள்ளதைத்தான் சொல்வார். அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர். அப்புறம் பொய் வாக்குமூலம் கொடுத்தவள் என்று என் மகள் கோர்ட்டில் நிற்பாள், இடுப்பில் உங்கள் குழந்தையோடு.

நேற்று சாயங்காலம் முழுக்க அவளோடு வாதாடினேன். மாப்பிள்ளை ஏதோ அவசரத்தில் போட்டிருப்பார், எடுத்துச் சொன்னால் மாற்றி எழுதிவிடுவார், அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்று உங்களுக்காகப் பரிந்து பேசினேன். அவள் குழந்தையின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கோபப்படவில்லை, அழவும் இல்லை. “அவர் எழுத மாட்டாருப்பா” என்றாள். மணி என்ன என்று கேட்டால் சொல்வதுபோல் சொல்லிவிட்டு அடுத்த துணியை எடுத்தாள். உங்களோடு நாலு வருடம் வாழ்ந்தவள் அவள்.

புதன்கிழமைக்குள் கம்பெனிக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள் மாப்பிள்ளை. எனக்காக வேண்டாம். நான் உங்கள் கணக்கில் திருடனாகவே இருந்துவிட்டுப் போகிறேன். நீங்கள் நோய் நொடி இல்லாமல் நெடுங்காலம் இருக்க வேண்டும், கை நிறைய சம்பாதிக்க வேண்டும். என் மகள் உங்களைப் பற்றிச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் எப்படியாவது பொய்யாக்கிவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நலம் விரும்பும்
மாமனார்