மூணு என்றதும்

மார்ச் 4
காலையில் மனைவியைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது இடுப்பில் ஏதோ சுளீரென்றது. அவளுக்குக் கால்கள் ஓய்ந்த இந்த நாலு வருடமும் ஒரே வழக்கம்தான்: நான் எண்ணுவேன், "மூணு" என்றதும் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொள்வாள், தூக்குவேன். இன்று கீழே போடவில்லை. அவ்வளவுதான்.

மார்ச் 9
வலி இடது கெண்டைக்காலில். பத்திரிகை ஆபீஸ் மாடிப்படியில் இரண்டு முறை உட்கார்ந்தேன். அவளிடம் சுளுக்கு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச் 15
டாக்டர் ஸ்கேன் படத்தைக் காட்டினார். முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல வட்டுகள். அடியில் ஒன்று பிதுங்கி, காலுக்குப் போகும் நரம்பை அழுத்துகிறது. கோளாறு இடுப்பில், கத்துவது கால்.

"டிஸ்க் விலகிடுச்சா டாக்டர்?"

"எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க. அது எங்கயும் விலகல சார், பிதுங்கியிருக்கு. பெரும்பாலும் தானா அடங்கிடும். அஞ்சு கிலோவுக்கு மேல தூக்காதீங்க."

அவள் நாற்பத்தெட்டு கிலோ.

மார்ச் 16
அவளுக்குப் படம் வரைந்து விளக்கினேன். "அது விலகலைன்னா நான் விலகிக்கறேன், விடுங்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். முட்டாள்.

மார்ச் 20
எனக்குத் தெரியாமல் பராமரிப்பு இல்லத்துக்கு போன் போட்டு இடம் கேட்டிருக்கிறாள். என்னடி, நான் செத்தா போயிட்டேன்? — கத்திவிட்டேன்.

"நீங்களும் படுத்துட்டா யாரு யாரைத் தூக்கறது? உங்க இடுப்பு சரியாகட்டும், வந்துடறேன்."

மார்ச் 22
கொண்டுபோய் விட்டேன். துணிப்பையைக்கூட என்னைத் தூக்க விடவில்லை. மடியில் வைத்துக்கொண்டாள்.

ஏப்ரல் 11
வலி கெண்டைக்காலை விட்டுத் தொடைக்கு ஏறியிருக்கிறது. நல்ல அறிகுறியாம்.

மே 2
அங்கே அவளைப் பட்டைத் தொட்டிலில் போட்டு இயந்திரம் தூக்குகிறது. "கையை நெஞ்சுல மடிச்சுக்கங்கம்மா, பட்டையில மாட்டிக்கும்" என்று பணிப்பெண் சொல்லி, மூணுவரை எண்ணி, பொத்தானை அழுத்துகிறாள்.

மே 19
கட்டிலில் அவள் பக்கம் இன்னும் பள்ளமாகவே இருக்கிறது.

ஜூலை 3
"அடங்கிடுச்சு சார். முழங்காலை மடக்கி, பக்கத்துல ஒருத்தரை வச்சுக்கிட்டுத் தூக்கலாம்."

ஜூலை 6
கூட்டிவரப் போனேன். பணிப்பெண் கட்டிலோரம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள். முழங்காலை மடக்கிக் குனிந்தேன். வலி துளியும் இல்லை. என் கழுத்து அவள் முகத்துக்கு நேரே இருந்தது. எண்ணினேன்.

மூணு என்றதும் அவள் கண்ணை மூடி, இரண்டு கைகளையும் தன் நெஞ்சில் மடித்து வைத்துக்கொண்டாள்.