ராகு காலத்தில் எடுத்த உறுதிமொழி

பங்குனி 14, வியாழன்

காலையிலேயே வெயில் மண்டையைப் பிளக்குது. புதன்கிழமை ஷார்ஜா ஃபிளைட். எடுத்து வைக்க வேண்டியது: பிரசவ லேகியம், வசம்பு, பழைய காட்டன் புடவை (கிழிக்க), முறுக்கு. மாவு இன்னும் மில்லுக்குப் போகல.

அதுக்குள்ள கலெக்டர் ஆபீஸ். இவர் எம்.பி. எலெக்‌ஷனுக்கு மனு போடறது இது நாலாவது தடவை. இவர் மனுவுக்கு ஏதாவது ஆச்சுன்னா இருக்கட்டும்னு மாற்று வேட்பாளரா நானும் ஒண்ணு போடுவேன். இவருது ஏத்துக்கிட்டா என்னுது தானா தள்ளுபடி. ஒவ்வொரு தடவையும் இதே கூத்து. கையெழுத்து, போட்டோ, வீடு.

ஜோசியர் ஒண்ணேகாலுக்குன்னு குறிச்சுக் குடுத்திருந்தார். மனுவைக் குடுத்தாச்சு. அதிகாரி, "உறுதிமொழியும் எடுத்துடுங்க சார்"னார். இவர் வாட்ச்சைப் பாத்தார். ஒன்றரை. ராகு காலம். "நாளைக்குப் பரிசீலனைக்கு வர்றேன்ல, அப்ப எடுத்துக்கறேன்." "இன்னைக்கே எடுத்துட்டா நல்லதுங்க"ன்னு அவர் மறுபடி சொன்னார். யார் காதுல விழுந்துச்சு? வெளியே தாரை தப்பட்டை. வக்கீலும் மாலையோட வாசல்ல நிக்கறார்.

எனக்கு ராகுவாவது கேதுவாவது. மில்லை மூடிடுவான். "எங்கிட்ட குடுங்க"ன்னு வாங்கி, நின்ன வாக்கிலேயே என் உறுதிமொழியைக் கடகடன்னு படிச்சு முடிச்சேன். மாவு அரைச்சாச்சு.

பங்குனி 15, வெள்ளி

தலையில இடி. இவர் மனு தள்ளுபடி. உறுதிமொழியை நேத்தே எடுத்திருக்கணுமாம், பரிசீலனை அன்னைக்கு எடுத்தா செல்லாதாம். என்னுது எல்லாம் சரியா இருக்காம்.

கட்சி மாவட்டச் செயலாளர், எல்லாருக்கும் அவர் வெறும் "மாவட்டம்"தான், எங்கிட்ட வந்து கும்பிட்டார். பதினஞ்சு வருஷத்துல முதல் தடவையா. "அக்கா, இனிமே நீங்கதான் வேட்பாளர்." சிரிச்சுட்டேன். வேற யாரும் சிரிக்கல.

இவர் பெஞ்சுல உட்கார்ந்து ஜோசியருக்குப் போன் போட்டுக்கிட்டே இருந்தார். அந்த ஆள் எடுக்கல. எடுப்பானா?

ஷார்ஜாலேர்ந்து பொண்ணு சுகன்யா போன். "எப்படியும் புதன்கிழமை வந்துருவல்லம்மா?" ரெண்டு தடவை கலைஞ்சு, இது மூணாவதா நிக்குது. மாமியாரும் இல்லாத வீடு. வந்துருவேன்டின்னேன்.

பங்குனி 17, ஞாயிறு

கிச்சன்ல நிக்க இடமில்ல. மகளிர் அணிப் பொண்ணுங்க ரெண்டு பேர் எனக்குத் "துணைக்கு" வந்திருக்காங்க. பாத்ரூம் வாசல் வரைக்கும் துணை.

நாளைக்கு மூணு மணி வரை வாபஸ் வாங்கலாம். நானே எழுதிக் குடுத்தா போதும், வக்கீல்கிட்ட நைசா கேட்டுட்டேன்.

ஆனா நான் விலகினா கட்சிக்கு இங்க ஆளே இல்ல. இவர் அரியமங்கலத்துல லாரி பாடி கட்டுற பட்டறையில வெல்டரா இருந்து, யூனியனுக்கு வந்து, கட்சிக்கு வந்தவர். முதல் தடவை டெபாசிட் போச்சு. ரெண்டாவது தடவை மூணாவது இடம். போன தடவை கொஞ்சத்துல தோத்தார், ஒரு மாசம் யார்கூடவும் பேசல. இந்தத் தடவை கூட்டணி பலம், டீக்கடையில எல்லாம் நம்ம பக்கம்தான்கறாங்க. எனக்கு அதுதான் பயம். ஜெயிச்சு வெச்சா?

பங்குனி 18, திங்கள்

எழுதிட்டேன். நாலே வரி. ஜாக்கெட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, "என்னங்க, நான் கலெக்டர் ஆபீஸ் வரைக்கும் போயிட்டு வரேன்"னேன்.

அவருக்குப் புரிஞ்சுடுச்சு. கத்துவார்னு பாத்தேன். கத்தல. தரையில உட்கார்ந்துட்டார். "போ. ஆனா ஒரு தடவை சுகன்யாகிட்ட பேசிட்டுப் போ."

அவளே லைன்ல காத்துக்கிட்டிருந்தா. முன்னாடியே பேசி வெச்சிருக்கார் மனுஷன்! "வேணாம்மா. அப்பா பாவம், போன்ல அழுவுறாரும்மா. நான் பாத்துக்கறேன். ஆஸ்பத்திரி பக்கத்துலதான் இருக்கு." அவ குரல் எனக்குத் தெரியாதா? பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசறா.

மூணு மணி அடிச்சுது. பேப்பர் வேர்வையில ஊறிப் போச்சு.

சாயங்காலம் இவர் சாதாரணமா சொல்றார்: "டிக்கெட்டைக் காலையிலேயே கேன்சல் பண்ணிட்டேன்." காலையிலேயே. அவ பேசறதுக்கு முன்னாடியே. நல்லா இருங்க சாமி.

பங்குனி 24, ஞாயிறு

ஸ்ரீரங்கம், சித்திரை வீதிகள். போஸ்டர்ல இவர் படம் ஆளுயரம், என்னுது ஸ்டாம்பு சைஸ். மைக் இவர் கையில. "என் மனைவி ஜெயிச்சா நானே ஜெயிச்ச மாதிரி!" என் போன் இவர் சட்டைப் பையில. வேட்பாளர் போன் பேசக்கூடாதாம், மரியாதையா இருக்காதாம். கை கூப்பிக் கூப்பித் தோள்பட்டை கழண்டுடுச்சு.

ஒரு மாமி ஆரத்தி எடுத்துட்டு மெதுவா கேட்டா: "உங்காத்துக்காரரைத்தானே ஒவ்வொரு தடவையும் பாத்தோம். இப்ப நீங்களா? பெருமாள் என்ன சங்கல்பிச்சிருக்காரோ." நானும் அதைத்தான் மாமி கேட்டுக்கிட்டிருக்கேன்.

ஜீப் திரும்பறப்ப ஒரு பொண்ணு குழந்தையைத் தூக்கி எங்கிட்ட நீட்டினா. பேர் வைக்கணுமாம். பிறந்து ஒரு மாசம்தான் இருக்கும், பால் வாசனை போகல. வாங்கி மார்ல சாய்ச்சுக்கிட்டேன். வாய்க்கு வந்தது "யாழினி". ஜனம் கை தட்டுது.

அப்புறம்தான் உறைச்சுது. அது சுகன்யாவும் நானும் ஆடி மாசத்துலேர்ந்து யாருக்கும் சொல்லாம பொத்தி வெச்ச பேர். பொண்ணு பிறந்தா வைக்கணும்னு. அட பாவி வாயே!

பங்குனி 25, திங்கள்

மகளிர் அணிப் பொண்ணோட போன்ல சுகன்யா. பேர் வெச்ச வீடியோவைப் பாத்துட்டா. "அம்மா, அது நம்ம பேருல்ல?"

"ஆமாண்டி."

"சரி விடு. வெயில்ல மோர் குடி"ன்னா. போனை வெச்சதுக்கப்புறம் பாத்ரூம்ல தண்ணியைத் திறந்து விட்டுட்டு அழுதேன். வாசல்ல துணை நிக்குதே.

பங்குனி 29, வெள்ளி

அரியமங்கலம். பட்டறைங்க, இரும்பு வாசனை, இவருக்குச் சொந்த ஊருக்கு வந்த மாதிரி. எல்லாருக்கும் இவரை "மாணிக்கண்ணே"ன்னு தெரியும். நான் வழக்கம்போல ஜீப்புல பொம்மையா.

பேச்சு நடுவுல இவர் பையில போன் அடிச்சுது. எடுத்தார். முகம் மாறிச்சு. என் பக்கம் திரும்புவார்னு நினைச்சேன். மைக் பக்கம் திரும்பினார்.

"பெரியோர்களே, தாய்மார்களே! உங்கள் வேட்பாளர் இந்த நிமிஷம் பாட்டியாகியிருக்கிறார்! பேத்தி பிறந்திருக்கிறாள்! நம் வெற்றிக்கு இதைவிட நல்ல சகுனம் உண்டா?"

ஆயிரம் வாலா வெடிச்சுது. எனக்கும் மைக்லதான் சேதி. ஊரோட ஊரா.

"அவ எப்படி இருக்கா?"ன்னு கேட்டேன். வெடிச் சத்தத்துல அவருக்குக் கேக்கல. மறுபடி கத்தினேன். "சிரி, போட்டோ எடுக்கறாங்க"ன்னார். கண்ணுல தண்ணி அவருக்கும். அதான் எரிச்சலே, முழுசா வெறுக்கவும் முடியல இந்த மனுஷனை.

அடுத்த தெருவுல ஜீப் நின்னப்பதான் போன் கைக்கு வந்துச்சு. ஆபரேஷனாம். சுகன்யா குரல் பஞ்சு மாதிரி. "நர்ஸு குளிப்பாட்டறாம்மா. எனக்குத் தூக்கத் தெரியல. எப்ப வர்ற?"

பக்கத்துல எல்லாரும். குரலைத் தாழ்த்திச் சொன்னேன்: "தோத்துட்டா உடனே வந்துடறேன்டி."

சித்திரை 5, வெள்ளி

ஓட்டுப் போடற நாள். புழுக்கம். எடமலைப்பட்டி புதூர் ஸ்கூல், எங்க பூத். பட்டுப் புடவை மாவட்டம் அனுப்பினது, குத்துது. வாசல்ல கேமராக்காரங்க.

தடுப்புக்குப் பின்னாடி நான் மட்டும். இருபத்திரண்டு நாள்ல முதல் தடவையா துணை இல்லாத இடம். மெஷின்ல என் பேர். என் முகம். ரேஷன் கார்டு போட்டோ மாதிரி முழிச்சுக்கிட்டு. பாவமா இருந்துச்சு அவளைப் பாக்க.

அவளைத் தாண்டி விரல் கீழே இறங்குச்சு. அமுக்கினேன். பீப்.

வெளியே வந்து மை வெச்ச விரலைக் காட்டினேன். சிரிச்சேன், யாரும் சொல்லாமலே.

இவர் காதுகிட்ட வந்து கேட்டார்: "கண்ணாடி போடாம போனியே, நம்ம பட்டன் சரியா தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுதுங்க."