டிரான்ஸ்பார்மர் காலடியில் இல்லாத பீஸ்

14-11-1968

நான் சொன்னபடியே நடந்துவிட்டது. பொன்னழகு மில் எரியும் என்று காரைக்குடியிலேயே முதலில் சொன்னவன் நான்தான். படிப்பு எட்டாவது வரைதான். ஆனால் கரண்டின் குணம் எனக்கு அத்துப்படி.

மில்லுக்கென்று தனி டிரான்ஸ்பார்மர். அதன் காலடியிலேயே மெயின் போர்டும், கரண்ட் மிஞ்சினால் தானே அறுந்து காக்கும் பீஸும் இருந்தன. ஆயுத பூசைக்குச் சந்தனம் வைக்கத் தோதாகப் போர்டு தன் நாற்காலிக்கு எதிரே வேண்டும் என்றார் முதலாளி பொன்னழகு. மில் வயர்மேன் இருளாண்டி, என் தங்கை மகன், பீஸோடு போர்டைக் கழற்றி உள்ளே கொண்டுபோய் வைத்தான். டிரான்ஸ்பார்மரிலிருந்து அறுபதடி வயர். டிரான்ஸ்பார்மருக்கு மேல்பக்கம் இருக்கும் பீஸே போதும் என்று நினைத்துவிட்டான். மேல்பக்கத்துப் பீஸுக்குக் கீழே நடப்பது தெரியவா போகிறது? அந்த அறுபதடிக்குக் காவலே இல்லை. நேற்று மத்தியானம் அந்த வயர்தான் உரசிப் பழுத்துச் சாக்கு அடுக்கில் தீப்பிடித்தது. மூட்டை தூக்கும் பெத்தன் வெளியே வரவில்லை.

டீக்கடையில் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டார்கள். “போர்டை மாத்துன அன்னைக்கே சொன்னேன்ப்பா, ‘காலடியில ஒரு பீஸ் போடுறா’ன்னு. ‘சும்மா இருங்க மாமா’ன்டான்” என்றேன். யாரோ எனக்கு இன்னொரு டீ சொன்னார்.

16-11-1968

மின்சார இன்ஸ்பெக்டர் ஞானசம்பந்தம் ஜீப்பில் வந்தார். எனக்கு நாற்காலி. “நீங்க எச்சரிச்சது உண்மைதானா?” என்றார். ஊரே நிற்கும்போது இல்லை என்பதா? வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து என்றார். சொல்லவில்லை, சொல்வதுபோலப் பார்த்தார்.

20-11-1968

தங்கை நீலாயதாட்சி வாசலிலேயே நின்றாள். “மருமகனைவிட டீக்கடை பெரிசாப் போச்சாக்கும், அண்ணே? லைசென்ஸைப் புடுங்கிட்டா அவன் எங்குட்டுப் போவான்?”

உள்ளே வா என்றேன். வரவில்லை.

3-12-1968

விசாரணை. இருளாண்டி மறுப்பான் என்றே இருந்தேன். மறுத்திருந்தால் எனக்கு ஞாபகமறதி என்று நழுவியிருப்பேனே! அவன் குனிந்த தலை நிமிராமல், “மாமா சொல்லியிருப்பாக சார். எனக்குத்தான் காதுல ஏறலை” என்றான்.

ஏன்டா? ஏன் அப்படிச் சொன்னாய்?

லைசென்ஸ் போய்விட்டது.

9-2-1969

கண்ணை மூடினால் பெத்தன். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு நிற்கிறான்.

12-7-1970

இருளாண்டி இப்போது வீட்டு விளக்கு ஸ்விட்சைக்கூடத் தொடுவதில்லை, பெண்டாட்டிதான் போடுகிறாள். வாரம் தவறாமல் என்னிடம் வந்துவிடுகிறான். “அன்னைக்கு நான் எங்குட்டு நின்னேன் மாமா? என்ன வார்த்தை சொன்னீக? இன்னொரு வாட்டி சொல்லுங்க.”

நானும் சொல்கிறேன். ஏணியில் நின்றாய், பல்லில் ஆணியைக் கடித்திருந்தாய் — ஒவ்வொரு வாரமும் ஒன்று கூடிவிடுகிறது. போன வாரம், இரண்டு தடவை சொன்னேன் என்று வாயில் வந்துவிட்டது.

இன்று அதைப் பிடித்துக்கொண்டு அழுதான். “ரெண்டு தடவை சொல்லியும் பெத்தனைக் கொன்னுட்டேனே மாமா.”

முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

இரண்டு தடவை இல்லை. ஒரு தடவையும் இல்லை. அவன் போர்டை மாற்றிய அன்று நான் திருக்கோஷ்டியூரில் இருந்தேன். காலடியில் ஒரு பீஸ் வேண்டும் என்பதே, தீ அணைந்த பிறகு ஒரு லைன்மேன் யாரிடமோ சொல்லக் கேட்டுத்தான் எனக்குத் தெரியும்.