மொறிஸ் காரில் நான் விட்ட பிழை

அப்பா,

நீங்கள் மாமாங்கம் அங்கிளிடம் மன்னிப்புக் கேட்கவேணும். தகப்பனிடம் இப்படிச் சொல்லக்கூடாதென்றுதான் அம்மா வளர்த்தவ. எண்டாலும் சொல்லுறன்.

அவர் பூட்டித்தந்த மொறிஸ் எஞ்சினில் ஒரு பிழையுமில்லை. ஒயில் பிறெஷர் பார்க்கிற சென்சரை எஞ்சினிலிருந்து ஹோஸ் போட்டுத் தள்ளிப் பூட்டினது நான். எஞ்சின் இரும்பில் தொடாமல் றப்பர் ஹோஸில் நிற்கிற சென்சருக்குத் தனியாக எர்த் வயர் கொடுக்கவேணும், நான் கொடுக்கவில்லை. அதாலதான் மீற்றர் பிழையாகக் காட்டினது. "என்ர பிள்ளை யூனிவேர்சிற்றியில படிச்சவள், உன்ர வேலைதான் பிழை" என்று நீங்கள் அவரைத் துரத்தினபோதே எனக்குச் சந்தேகம். ஆனாலும் வாய்திறக்கவில்லை. நினைக்க வெட்கமாக இருக்கு.

இன்று வயர் கொடுத்தன். மீற்றர் சரியாகக் காட்டுது.

மீன்குழம்பு அடுப்பில். சூடாக்கிச் சாப்பிடுங்கோ.

வதனி

பி.கு.: அங்கிள் விட்டிட்டுப்போன ஸ்பனர் பெட்டியோடு மோர்னிங்சைட்டுக்கு, அவர் வீட்டுக்குப் போறன். என்ர பிழையை நான் சொல்லுவன். உங்கட மன்னிப்பை நீங்கள்தான் கேட்கவேணும். பஸ்ஸுக்கு நேரமாச்சு.