அறுபது ஆள் இறங்கிய வயல்

மாப்பிள்ளை,

இன்று ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் பிரம்புக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். எண்ணெய் வாசனை எழுந்ததும் என்னையறியாமல் வாசலைப் பார்த்தேன். செருப்பை உதறிவிட்டு நீ உள்ளே வந்து, "என்ன மச்சான், புள்ளைங்களுக்குப் பலகாரம் தயாராவுதா?" என்று கேட்க வேண்டிய நேரம் அது. போன தை மாதம் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகு, இந்த வீட்டில் என்னைக் கேலி செய்ய ஆள் இல்லை. என் மனைவி முயற்சி செய்கிறாள். அவளுக்கு அந்தக் கலை வரவில்லை.

நாம் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, ஒரே வாத்தியாரிடம் அடி வாங்கிப் படித்தவர்கள். அடி வாங்கியதால் படித்தோம் என்று நான் சொன்னேன். அடி வாங்கியும் படித்தோம் என்று நீ சொன்னாய். இந்தச் சிறிய வித்தியாசத்தை வைத்துக்கொண்டே எத்தனையோ வருஷம் சண்டை போட்டோம். நடுவில் நீ என் தங்கையையும் கட்டிக்கொண்டாய்.

போர்டு பள்ளிக்கூடத்தில் உனக்கு வேலை வாங்க நான் எந்தெந்த வாசலில் நின்றேன் என்பதை மறக்கவில்லை. எந்த வீட்டில் உட்காரச் சொல்லவில்லை என்பதையும் மறக்கவில்லை. அப்படி வாங்கிய வேலையை உதறிவிட்டு, கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் ஒரு கிராமத்தில் ஆதாரக் கல்விப் பள்ளிக்கூடம் தொடங்கப் போவதாக வந்து நின்றாய். பிள்ளைகள் தக்கிளியில் நூல் நூற்பார்கள், தோட்டம் போடுவார்கள், கணக்கும் பாஷையும் பூகோளமும் அதிலிருந்தே வரும் என்றாய்.

"பிரம்பு?" என்று கேட்டேன்.

"அவரைப் பந்தலுக்கு ஊணிட்டேன் மச்சான். நல்லாக் காய்க்குது."

அந்தப் பள்ளியைப் பார்க்க நான் வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். யுத்தம் முடிந்தும் நமக்கு வாய்த்தது, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் கரி பஸ்தான். ஜெயங்கொண்டத்தில் இறங்கி வண்டி பிடித்து வந்து சேர்ந்தபோது என் முகமெல்லாம் கரி. உன் மாணவன் ஒருவன் எழுந்து, "சார், நீங்க எஞ்சினுக்குள்ளயா உக்காந்து வந்தீங்க?" என்று கேட்டான். என் வகுப்பில் இதற்கு இரண்டு அடி. நீயோ, "நல்ல கேள்வி. கரியைப் போட்டா பஸ் எப்படி ஓடுது, சாரே சொல்லுவாங்க" என்று என்னை முன்னால் நிறுத்திவிட்டாய். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று ஒரு வகுப்பின் முன் நான் சொன்னது அதுதான் முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை. அதற்காகவும் உன்மேல் எனக்குக் கோபம்.

அன்று மாலைதான் மேலத்தெருப் பெரியவர் வந்தார். அவருடைய பேரன்கள் உன் பள்ளியில்தான் படித்தார்கள். அவர் வண்டியைத் திருப்பினால் ஊரே பின்னால் திரும்பும்.

"வாத்தியாரே, மம்முட்டி புடிக்க எங்களுக்குக் கத்துக்குடுக்கத் தெரியாதா? எங்க புள்ளைங்க மம்முட்டிய கீழ போடணும்னுதானே பள்ளிக்கூடம் அனுப்பறோம்? நீங்க அதையே எடுத்துக் குடுக்கிறீங்களே!"

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. நான் இத்தனை நாள் சொன்னதை அவர் மூன்று வாக்கியத்தில் சொல்லிவிட்டார். நீ வாய் திறக்கும் முன் அவரே தீர்ப்பும் சொன்னார்: "ஒங்க பொண்ணு அரியலூர் ஐஸ்கூல்ல பரீட்சை எழுதி முதல் பாரத்துல சேரட்டும். சேந்தா எங்க புள்ளைங்க இங்க இருக்கும். இல்லைன்னா கூட்டிக்கிட்டுப் போயிடுவோம், கோவிச்சுக்காதீங்க." மோர் கொண்டுவந்த என் தங்கை செம்போடு அப்படியே நின்றாள்.

அரியலூர் ஐஸ்கூலில் கணக்கு வாத்தியார் நான். உன் மகள் கோமதியைச் சோதிக்கப் போகிறவனும் நான்தான். உண்மையைச் சொன்னால், அவள் தோற்பாள் என்று நம்பினேன். தோற்றால் உன் கிறுக்குத் தெளிந்து பழைய வேலைக்குத் திரும்புவாய் என்றும் நம்பினேன்.

எங்கள் தலைமை ஆசிரியரை உனக்குத் தெரியும். பி.ஏ. இரண்டாம் தடவையில் தேறியவர். எனக்கு வர வேண்டிய நாற்காலியில் உட்கார்ந்தவர். "உம்ம மருமகளாச்சே, நீரே கேளும். நானும் கூட இருக்கேன்" என்று சிரித்தார்.

"பதினாறெட்டு?" என்றேன்.

"தெரியாது மாமா. எட்டெட்டு அறுபத்துநாலு. அத ரெண்டாக்குனா நூத்தியிருபத்தெட்டு."

"வாய்ப்பாடே தெரியலை" என்றார் தலைமை ஆசிரியர். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். ஆனால் அவர் சும்மா இருந்தாரா? தானே ஒரு கணக்குப் போட்டார். "பத்து ஆள் ஒரு வயலை ஆறு நாளில் களையெடுத்தால், அறுபது ஆள் எத்தனை நாளில் எடுப்பார்கள்?"

"ஒரு நாள் சார். ஆனா..."

"என்ன ஆனா?"

"ஒரே நாள்ல அறுபது பேரு எறங்குனா களை மட்டுமா சார் போவும்? பயிரும் மிதிபட்டுப் போயிடும். எங்க தோட்டத்துல நாங்க எல்லாரும் ஒண்ணா எறங்கி கத்திரிச் செடியெல்லாம் நாசமாயிடுச்சு. எங்கப்பா சிரிச்சாரு, அம்மாதான் திட்டுனாங்க."

குமாஸ்தா வாயைப் பொத்திக்கொண்டார். தலைமை ஆசிரியர் முகம் சிவந்தது. "அதிகப்பிரசங்கி. சேர்க்க வேண்டாம், முட்டை போடும்" என்றார்.

அவர் எனக்குப் 'போடும்' என்று உத்தரவு போட்டதுதான் தவறு. பல வருஷமாக நான் சேர்த்துவைத்த பகையெல்லாம் பேனா முனைக்கு வந்தது. "கேள்வி உங்களுடையது சார். விடை சரி. எப்படி முட்டை போடுவது?" என்று கேட்டு, முழு மதிப்பெண் போட்டு, கையெழுத்துக்கு அவரிடமே நீட்டினேன். குமாஸ்தா பார்த்துக்கொண்டிருந்ததால் அவரும் போட்டார்.

வெளியே புளியமரத்தடியில் நீ காத்திருந்தாய். சேதி சொன்னதும் உன் கண் நிறைந்தது. "பாசத்துல போட்டீங்களா மச்சான்?" என்றாய்.

"பாசமாவது! அந்த ஆளு வேணாம்னான், அதான் போட்டேன்."

நீ வேரின் மேல் உட்கார்ந்து விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். "ஒங்க பகை நூறு வருஷம் நல்லா இருக்கணும் மச்சான்!" என் பகையை வாழ்த்தியவன் உலகத்தில் நீ ஒருவன்தான்.

பெரியவர் சொன்ன சொல் மாறவில்லை; ஒரு நிபந்தனை மட்டும் சேர்த்தார். "அந்தப் பதினாறாம் வாய்ப்பாட்டையும் சொல்லிக் குடுத்துடுங்க. எதுக்கும் இருக்கட்டும்." அதற்கும் நீ என்னிடம்தான் வந்தாய். சனிக்கிழமைகளில் வந்தேன், பிரம்பில்லாமல், வெறுங்கையோடு. உன் பிள்ளைகள் தக்கிளி சுற்றிக்கொண்டே ராகம் போட்டு ஒப்பித்தார்கள். "மனப்பாடம்தானே இது, நூலைக் கட்டிவிட்டால் வேறாகிவிடுமா?" என்று கேட்டேன். கோடையில் ஒரு சனிக்கிழமை, மழையில் ஒரு சனிக்கிழமை என்று அந்தச் சண்டை உன் காய்ச்சல் வரை நடந்தது.

உன் பள்ளி நடக்கிறது. புதிதாக வந்த வாத்தியார் சாது. எதற்கும் என்னோடு சண்டைக்கு வருவதில்லை. கோமதி இப்போது மூன்றாம் பாரம் படிக்கிறாள்.

போன வாரம் ஆசிரியர்கள் அறையில் தலைமை ஆசிரியர், "அந்த நூல் நூற்கும் மடம் இன்னும் மூடவில்லையா?" என்று கேட்டார். நான் எழுந்தேன். பிள்ளை கேள்வி கேட்க வேண்டும் என்றேன், கை அறிந்ததை மூளை மறக்காது என்றேன், பயந்த பிள்ளைக்குக் காது அடைத்துவிடும் என்றேன். நான் ஆயுசு முழுவதும் மறுத்த வாதங்கள் ஒன்றுவிடாமல் வந்தன. மணி அடித்தும் நிறுத்தவில்லை.

உன் கட்சிக்கு வந்துவிட்டேன் என்று குதிக்காதே. உன் பக்கத்தில் ஓர் ஆள் குறைகிறது. அந்த இடம் காலியாகக் கிடந்தால் என் சண்டை என்னாவது? அதனால் இப்போது இரண்டு பக்கமும் நானே பேசுகிறேன். உன் பக்கத்தை நீ பேசியதைவிட நன்றாகவே பேசுகிறேன் மாப்பிள்ளை. முடிந்தால் வந்து மறுத்துப் பார்.